டான்சில் ஆபரேஷன்: தாளில் வெறும் "5 மி.லி." என்றிருந்தால் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்

குழந்தைக்கு ஆறு வயது, எடை 18 கிலோ. தனியார் மருத்துவமனையில் டான்சிலும் அடினாய்டும் (மூக்குக்குப் பின்னால் உள்ள சதை) எடுத்தார்கள். ஆபரேஷனில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கோட்டை விட்டது அதற்கப்புறம். மறுநாள் டிஸ்சார்ஜ் செய்யும்போது கையில் கொடுத்த தாளில் மூன்றே விஷயம்: பாராசிட்டமால் சிரப் 5 மி.லி., மென்மையான உணவு, ஏழு நாள் கழித்து ரிவ்யூ. ஆறாம் நாள் ராத்திரி வாயில் ரத்தம். போன் போட்டால், "காலையில ஓ.பி.க்கு வாங்க" என்றது ரிசப்ஷன். அதை நம்பி உட்காராமல் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு ஓடியதால் தப்பித்தது.

முதலில் அந்த 5 மி.லி. கணக்கு. பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி.; 18 கிலோவுக்கு 270 மி.கி. கடையில் 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ள சிரப்பும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. தாளில் எது என்று எழுதாததால் 125 வந்தது. அதாவது பாதி மருந்து. வலி அடங்காத பிள்ளை தண்ணீர் விழுங்காது. விழுங்காவிட்டால் தொண்டை காய்ந்து வலி இன்னும் ஏறும். இதுவே 1 மி.லி.க்கு 100 மி.கி. உள்ள டிராப்ஸாக இருந்திருந்தால் 5 மி.லி.யில் 500 மி.கி. போயிருக்கும், நினைக்கவே பயமாக இருக்கிறது. எத்தனை மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையா, எத்தனை நாள் என்று டாக்டர் கையாலேயே எழுதி வாங்குங்கள். கோடீன் கலந்த மருந்து 12 வயதுக்குள் கூடவே கூடாது. சில பிள்ளைகளின் உடம்பு அதை வேகமாக மார்ஃபினாக மாற்றி மூச்சை அடக்கிவிடும்.

ரத்தக்கசிவுக்கு இரண்டு காலம்: முதல் 24 மணி நேரம், பிறகு ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை, பொருக்கு உதிரும்போது. "ரிவ்யூ ஏழாம் நாள்" என்பவர்கள் இதைச் சொல்லாமல் அனுப்புவதை என்னவென்பது? தொண்டையில் தெரியும் வெள்ளைப் படலம் சீழ் இல்லை, சுரண்டாதீர்கள். காது வலியும் தொண்டையிலிருந்து வருவதுதான், சொட்டு மருந்து வேண்டாம். தூக்கத்தில் பிள்ளை அடிக்கடி எச்சில் விழுங்கினாலோ, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி எடுத்தாலோ, சிவப்பாக ரத்தம் வந்தாலோ போன் போட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். வாய்க்கு எதுவும் கொடுக்காமல், மல்லாக்கப் படுக்க வைக்காமல், உட்கார்ந்தபடியே தூக்கிக்கொண்டு போங்கள். ரோஸ் மில்க் மாதிரி சிவப்பு பானம் இரண்டு வாரம் வேண்டாம். வாந்தியில் ரத்தமா பாலா என்று தெரியாது. முறுக்கு, சிப்ஸும் அதுவரை கிட்ட வரக்கூடாது.

அட்மிஷனுக்கு முன்பே கேட்க வேண்டியது: ராத்திரி இரண்டு மணிக்கு இ.என்.டி. டாக்டர் வருவாரா, தியேட்டர் திறக்குமா? "டூட்டி டாக்டர் இருப்பார்" என்பது இதற்குப் பதில் ஆகாது.

பில்லைப் பற்றிச் சுருக்கமாக: "பேக்கேஜ்" என்றார்கள், டான்சிலை எடுக்கப் பயன்படுத்திய கோப்ளேஷன் வாண்டு என்ற கருவிக்குத் தனியாகப் போட்டார்கள். எது சேராது என்று முன்பே எழுதி வாங்குங்கள்.

கேஸ் ஷீட் (சிகிச்சைப் பதிவேடு) நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போகலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. அங்கே பேசப்போவது காகிதம்தான். அந்தத் தாளையும் சிரப் பாட்டில் லேபிளையும் போன் போட்ட நேரத்தையும் படம் எடுத்து வையுங்கள்.