நாற்பது மணி நேரமா, ஒரு வாட்டா? – உயர்ரக பிளேயர் வாங்கும் முன்

சோனி டபிள்யூஎம்1ஏஎம்2, ஃபியோ எம்23, ஐபாஸோ டிஎக்ஸ்320. பாட்டு கேட்பதற்கென்றே வரும் கையடக்க பிளேயர்களில் கடைசிச் சுற்றில் என் பட்டியலில் நின்றவை இந்த மூன்றுதான். வாங்கியது சோனியை. அதனால் இதில் கொஞ்சம் சாய்வு இருக்கும். தினமும் கையில் இருப்பதைப் பற்றி நிறையப் பேசுவேன், மற்ற இரண்டையும் நண்பர்களிடம் இரவல் வாங்கிக் கேட்ட அளவுக்குத்தான் சொல்ல முடியும்.

முதலில் டாங்கிளை, அதாவது போனில் செருகி இயர்போனை மாட்டும் குட்டி ஒலிக் கருவியை, முடித்துவிடலாம். போனில் ஒரு நல்ல டாங்கிளைச் செருகி, அதில் ஐயாயிரம் பத்தாயிரம் ரூபாய் இயர்போனை மாட்டினால் பெரும்பாலானவர்களுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. ஒலித் தரத்தில் அதற்கும் லட்ச ரூபாய் பிளேயருக்கும் உள்ள தூரம் விலையில் உள்ள தூரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எனக்கு ஒத்துவராததற்குக் காரணம் வேறு. டாங்கிள் போனின் சார்ஜைத் தின்னும். ஆலாபனை நடுவே கொரியர்காரர் கூப்பிடுவார். பாக்கெட்டில் அந்தக் குட்டி ஒயர் மடங்கி மடங்கிச் சில மாதங்களில் ஒரு பக்கம் மட்டும் பாடும். இதெல்லாம் தொந்தரவாகத் தோன்றாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், பணம் மிச்சம்.

ஆஸ்டெல் அண்ட் கெர்ன் எஸ்பி3000 போன்ற விலை மிகக் கூடிய பிளேயர்களையும் ஒதுக்கிவிட்டேன். 904எல் எஃகில் செய்த உடம்பு, அரைக் கிலோவை ஒட்டிய எடை, வெளிவந்தபோது 3,700 டாலர் விலை. காதில் வைத்துக் கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பணத்துக்கு இரண்டு சோனியும் மீதியில் ஒரு நல்ல ஹெட்போனும் வரும்.

இனி மூவரையும் பார்ப்போம். சோனி வெளிவந்தபோது சுமார் 1,400 டாலர், ஐபாஸோ அதைவிடக் கொஞ்சம் கூட, ஃபியோ அதில் பாதிதான். ஃபியோவில் டிஜிட்டல் கோப்பை ஒலிச் சமிக்ஞையாக மாற்றும் டிஏசி சிப்பாக ஏகேஎம் நிறுவனத்தின் ஏகே4499இஎக்ஸும், அந்தச் சமிக்ஞையைப் பெருக்கி இயர்போனுக்குத் தள்ளும் ஆம்ப்பாக டிஎச்எக்ஸும் இருக்கின்றன. ஐபாஸோவில் ரோம் என்ற நிறுவனத்தின் சிப் இரண்டு, ஆம்ப் பகுதியைக் கழற்றி வேறு மாட்டும் வசதி, ஆறரை அங்குலத் திரை. சோனியில் தனி டிஏசி சிப்பே கிடையாது. எஸ்-மாஸ்டர் எச்எக்ஸ் என்ற அவர்களுடைய சொந்த டிஜிட்டல் ஆம்ப்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது.

சிப் பெயரைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒரு சங்கதி. 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபேயோகாவில் ஏகேஎம் ஆலை தீப்பிடித்தது. சிப் கிடைக்காமல் பல கம்பெனிகள் திண்டாடின. ஃபியோவின் எம்11 பிளஸ் ஏகேஎம் சிப்பிலிருந்து இஎஸ்எஸ் என்ற இன்னொரு நிறுவனத்தின் சிப்புக்கு மாறியது அந்த நேரத்தில்தான். பெயர் அதே எம்11 பிளஸ், உள்ளே குடியிருப்பவர் வேறு. சிப்பைச் சுற்றி என்ன கட்டியிருக்கிறார்கள் என்பதுதான் காதுக்கு எட்டுகிறது. ஆகவே அட்டைப்பெட்டியில் உள்ள எண்களுக்கு ஓரளவுக்கு மேல் மதிப்புக் கொடுக்காதீர்கள்.

ஒலி எப்படி? பழைய கச்சேரிப் பதிவு ஒன்றில் பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் தம்புரா மட்டும் மிஞ்சும் அல்லவா, அங்கேதான் நான் எந்த பிளேயரையும் சோதிப்பேன். பஞ்சமம், சாரணை இரண்டு, மந்தரம் என்று நான்கு தந்தியும் தனித்தனியே எழுந்து ஒன்றின் மேல் ஒன்று கரைய வேண்டும். சோனியில் அந்தக் கரைதல் நீளமாகக் கேட்கிறது. நுண்ணுணர்வு மிகுந்த இயர்போனில்கூட அடியில் இரைச்சல் இல்லை. ஃபியோவில் மிருதங்கத்தின் கனத்த ஒலிப் பக்கமான தொப்பி இன்னும் இறுக்கமாக, உடனுக்குடன் விழுகிறது. நாகஸ்வரம், தவில் கேட்கிறவர்களுக்கு ஃபியோ பிடித்துப்போகலாம். ஐபாஸோ இரண்டுக்கும் நடுவே, ஒலி விரியும் மேடை கொஞ்சம் அகலம். கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டால் மூன்றையும் தவறாமல் சொல்லிவிடுவேனா? தம்புராவில் முடியலாம், தவிலில் சந்தேகம்தான். சோனியோ 200 மணி நேரம் ஓடிய பிறகுதான் ஒலி முழுதாக அமையும் என்கிறது. எனக்கு அப்படி ஒரு மாற்றமும் கேட்கவில்லை.

இந்த அளவு வித்தியாசத்துக்காக எதையும் தேர்ந்தெடுக்கலாம், தேர்ந்தெடுக்காமலும் இருக்கலாம். என்னை முடிவெடுக்க வைத்தது பேட்டரி.

இதற்கு முன் வைத்திருந்த பிளேயர் வேறொரு கம்பெனியுடையது, பெயர் வேண்டாம். பேட்டரி உப்பிப் பின்பக்கக் கண்ணாடி ஒரு மூலையில் நகம் நுழையும் அளவுக்குத் தூக்கிவிட்டது. கம்பெனியில் கேட்டால் அந்த மாடலுக்கு உதிரி நின்றுவிட்டது என்றார்கள். சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிக்கடைக்காரர் ஹேர் டிரையரைக் காட்டிப் பசையை இளக்கி, கிடார் வாசிக்கும் பிளெக்டிரம் ஒன்றைச் செருகிப் பொறுமையாகத் திறந்தார். உள்ளே தலையணை மாதிரி ஒரு செல். திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது மூணு வயர் செல்லு. நம்மகிட்ட இருக்கிறது எல்லாம் ரெண்டு வயர். மாட்டித் தரேன், ஓடும். ஆனா சார்ஜ் எவ்ளோ இருக்குன்னு சரியாக் காட்டாது, சூடானாலும் தானா நிக்காது. பரவாயில்லையா?" என்றார். அந்த மூன்றாவது வயர்தான் செல்லின் வெப்பத்தை பிளேயருக்குச் சொல்கிறது. தலைமாட்டில் வைத்துத் தூங்கும் சாதனத்தில் அது இல்லாமல் எப்படி? செல்லைக் கழற்றி அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். மற்றபடி அந்த பிளேயரில் ஒரு பழுதும் இல்லை. சிப், ஆம்ப், திரை எல்லாமே உயிரோடு இருந்தன.

ஆகவே இந்த முறை கணக்குப் போட்டேன். தினமும் மூன்று மணி நேரம் கேட்பதாக வைத்துக்கொள்வோம், வருடத்துக்குச் சுமார் 1,100 மணி நேரம். ஃபியோவும் ஐபாஸோவும் ஒரு சார்ஜுக்குப் பத்து மணி நேரத்தை ஒட்டி ஓடும் என்று சொல்லப்படுபவை. திரையைத் தொடுவது, வைஃபை எல்லாம் சேர்ந்தால் எட்டு, எட்டரை என்று வைக்கலாம். வருடத்துக்கு 130 முழு சார்ஜ். சோனி சொல்வது தரம் குறையாமல் சுருக்கிய சாதாரண ஃப்ளாக் கோப்புக்கு 40 மணி நேரம். எனக்கு முப்பதை ஒட்டிக் கிடைக்கிறது. வருடத்துக்கு 37 முழு சார்ஜ். லித்தியம் செல்லுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு ஐந்நூறு முழு சார்ஜில் கொள்ளளவு எண்பது சதவீதத்துக்கு இறங்கும் என்பது. அந்த இடத்தை ஃபியோ நான்கு வருடத்தில் தொட்டுவிடும், சோனிக்குப் பதின்மூன்று வருடம்.

பதின்மூன்று என்பது காகிதக் கணக்கு, நம்பி உட்கார வேண்டாம். லித்தியம் சும்மா கிடந்தாலும் வயதாகும், சென்னை மே மாத வெயிலில் காருக்குள் கிடந்தால் இன்னும் வேகமாக. எனக்கு ஏழெட்டு வருடம் வந்தாலே திருப்தி. தேய்ந்த பிறகான நிலையையும் பாருங்கள். எட்டரையில் ஐந்தில் ஒரு பங்கு போனால் ஏழுகூட மிஞ்சாது, காலையில் கிளம்பினால் மாலைக்குள் சார்ஜரைத் தேட வேண்டும். முப்பதில் அதே பங்கு போனாலும் இருபத்து நாலு. போதாததற்கு சோனியில் சார்ஜைத் தொண்ணூறு சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. எனக்கு இடமிருப்பதால் எப்போதும் அதைப் போட்டே வைத்திருக்கிறேன். எட்டு மணி நேரக்காரர்களுக்கு அந்தப் பத்து சதவீதத்தை விட்டுக்கொடுக்க மனசு வராது.

இந்த நாற்பது மணி நேரம் எங்கிருந்து வருகிறது என்றால் அந்த டிஜிட்டல் ஆம்ப்பிலிருந்துதான். சாதாரண ஆம்ப் பாட்டு மெல்ல ஒலிக்கும்போதும் மின்சாரத்தைச் சூடாக்கிக் கழித்துக்கொண்டே இருக்கும். எஸ்-மாஸ்டர் துடிப்புகளாக ஓடுவதால் அந்த வீணடிப்பு குறைவு. கையில் பிடித்தாலே தெரியும், மணிக்கணக்காகப் பாடிய பிறகும் சோனி குளிர்ந்தே கிடக்கும். ஐபாஸோ அரை மணியில் இளஞ்சூடாகிவிடுகிறது.

அதே ஆம்ப்தான் சோனியின் பலவீனமும். 4.4 மில்லிமீட்டர் இயர்போன் துளையில் 16 ஓம் மின்தடையுள்ள சுமைக்கு ஒரு காதுக்கு 250 மில்லிவாட். ஃபியோ 32 ஓமுக்கே ஒரு வாட் வரை தள்ளுகிறது. இயர்போனுக்கு இதில் ஒன்றுமில்லை, சோனியில் 120 வரை போகும் ஒலியளவில் நான் எழுபதைத் தாண்டுவதில்லை. ஆனால் 300 ஓம் சென்ஹைசர் எச்டி 600ஐ மாட்டி, தாழ்வாகப் பதிவான பழைய கச்சேரியைப் போட்டால் 115க்குப் போகிறேன், அதற்கு மேல் இடமில்லை. அதிகத் திறன் கேட்கும் பிளேனர் (தட்டையான சவ்வு) வகைப் பெரிய ஹெட்போன்களை நான் அதிகம் புழங்கியதில்லை. ஒரு நண்பருடையதை மாட்டிப் பார்த்தபோது சோனியில் உப்பில்லாமல் இருந்தது, அதையே ஃபியோவில் மாட்டியதும் எழுந்து உட்கார்ந்தது. அப்படிப்பட்ட ஹெட்போன் உங்களிடம் இருந்தால் நான் மேலே போட்ட கணக்கையெல்லாம் மறந்துவிட்டு ஃபியோ வாங்குங்கள். மேசையில் வைத்தே கேட்கிறவர்களுக்கு அதில் இன்னொரு வசதியும் உண்டு. அதற்கென்று உள்ள சுவிட்சைத் தள்ளினால் பேட்டரியைத் தொடாமல் நேரடி மின்சாரத்திலேயே ஓடும். அப்படிப் பயன்படுத்தினால் பேட்டரி தேயும் கவலை பாதி போய்விடும்.

ஆண்ட்ராய்டு விஷயத்தில் மூவருமே சுமார். சோனியும் ஐபாஸோவும் ஆண்ட்ராய்டு 11, ஃபியோ 10. ஃபியோ, ஐபாஸோ இரண்டிலும் ஓடும் ஸ்னாப்டிராகன் 660 பிராசஸர் போன்களில் வந்தது 2017ல். ஸ்ட்ரீமிங் மட்டுமே கேட்கிறவர்களுக்கு சோனியை அழுத்திச் சொல்ல மாட்டேன். மற்ற இரண்டும் எந்தச் செயலியில் பாடினாலும் ஆண்ட்ராய்டு கோப்பின் அதிர்வெண்ணை (நொடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்ற எண்ணை) மாற்றாமல் பார்த்துக்கொள்கின்றன. சோனியில் அதன் சொந்த மியூசிக் செயலியில்தான் அது சுத்தமாக நடக்கிறது. நான் மெமரி கார்டுக்காரன். ஒரு டெராபைட் கார்டில் குறுந்தகடு தரத்தில் சேர்த்த என் தொகுப்பு முழுதும் அடங்கி இன்னும் இடம் இருக்கிறது. என்றைக்காவது ஸ்ட்ரீமிங் செயலிகள் பழைய ஆண்ட்ராய்டைக் கைவிட்டாலும் கார்டில் உள்ளது பாடும். 2016ல் வந்த பழைய டபிள்யூஎம்1ஏவில் ஆண்ட்ராய்டே கிடையாது, அதை வைத்திருப்பவர்கள் இன்றும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

சோனியை வெளிநாட்டிலிருந்து யாரிடமாவது சொல்லி வரவழைப்பதாக இருந்தால் ஐரோப்பாவில் விற்பதை வாங்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கே சட்டப்படி ஒலியளவுக்குக் கட்டுப்பாடு வைத்து விற்கிறார்கள், ஏற்கெனவே குறைவாக உள்ள திறன் இன்னும் குறையும். சிங்கப்பூர், துபாய் பக்கம் இந்தத் தொல்லை இல்லை. பழையது வாங்குகிறவர்கள் மூன்றில் எதுவானாலும் கீறலையும் அட்டைப்பெட்டியையும் பிறகு பார்க்கலாம். முந்தின இரவு முழு சார்ஜ் போட்டு, திரையை அணைத்து, காலை வரை பாடவிட்டு எத்தனை சதவீதம் மிச்சம் என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சோனி என்றால் எழுபதுக்கு மேல் காட்ட வேண்டும். மற்ற இரண்டில் பாடிக்கொண்டிருந்தாலே பேரம் பேச உட்காரலாம்.