கைகள் தெரிய வேண்டிய வகுப்பு: ஜூம் வழிக் குழுப் பயிற்சி

மதுரையில் உள்ள எங்கள் தலைமை லேப்பிலிருந்து தேனி, காரைக்குடி, பரமக்குடி, இராமநாதபுரம் கிளைகளின் டெக்னீஷியன்களுக்கு இரத்த ஸ்மியர் போடவும் (கண்ணாடி ஸ்லைடில் ஒரு சொட்டு இரத்தத்தை இன்னொரு ஸ்லைடால் தள்ளி மெல்லிய படலமாகப் பரப்பவும்) அதை மைக்ராஸ்கோப்பில் படிக்கவும் பயிற்சி தருவது என் பொறுப்பு. இரண்டே பேர் வேலை செய்யும் கிளையிலிருந்து ஒருவரை மதுரைக்கு வரவழைத்தால் அன்று அங்கே பாதி வேலை நின்றுவிடும் என்பதால், ஓராண்டாக இந்த வகுப்பைக் கட்டண ஜூம் கணக்கில், பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை நடத்தி வருகிறோம்.

தொடக்கத்தில் நான் செய்தது பிழை. ஸ்லைடு ஷோவைத் திரையில் பகிர்ந்து ஒரு மணி நேரம் விளக்கினேன், எல்லோரும் தலையாட்டினார்கள், அடுத்த வாரம் கிளைகளிலிருந்து வந்த ஸ்மியர்கள் வழக்கம்போலக் குட்டையாகவும் தடிப்பாகவும் இருந்தன. தள்ளும் ஸ்லைடை 30 முதல் 45 டிகிரி சாய்வில் பிடிக்க வேண்டும் என்று நான் சொன்னதை எல்லோரும் குறித்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் பலர் அதை ஏறக்குறைய நிமிர்த்தியே பிடித்தார்கள். அவர்களுடைய முகங்கள் மட்டுமே எனக்குத் தெரிந்ததால் அதை நான் பார்க்கவே இல்லை.

அதன்பிறகு ஒவ்வொரு கிளையிலும் மேசைக்கு மேலே ஸ்டாண்டில் ஒரு செல்போனைக் கவிழ்த்து மாட்டி, அதையும் தனியாக வகுப்பில் இணைக்கச் செய்தோம். பேச்சுக்கு லேப்டாப், கைகளுக்குச் செல்போன். ஒரே அறையில் இரண்டு கருவிகளும் ஒலியுடன் இணைந்தால் காதைப் பிளக்கும் இரைச்சல் வரும். ஆகவே செல்போனில் ஆடியோவை இணைக்காமலே விட்டுவிட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு வகுப்புகள் வீணாயின.

இந்த ஏற்பாட்டில் ஜூமின் ஸ்பாட்லைட் வசதி தன் பயனை முழுமையாகக் காட்டியது. ஒரு கிளையின் மேசையை எல்லோருடைய திரையிலும் பெரிதாக்கி, அங்குள்ளவர் ஸ்மியர் போடுவதை மற்ற மூன்று ஊரும் பார்க்கும்படி செய்யலாம். ஒருநாள் பரமக்குடியில் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் வாய் திறப்பதற்குள் இராமநாதபுரத்திலிருந்து குரல் வந்தது: "அவசரப்படாதம்மா, சொட்டு ஓரம் முழுக்கப் பரவட்டும், அப்புறம் தள்ளு." அடுத்த ஸ்மியர் நாக்கு நுனிபோல மெலிந்து முடிந்தது. ஒரு கிளையின் தவறை இன்னொரு கிளை திருத்துவதை நேரடி வகுப்பில்கூட நான் அதிகம் கண்டதில்லை.

செல்களுக்கு நிறமேற்றும் லீஷ்மன் சாயத்தின் மீது, அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் பஃபர் கரைசலை ஊற்றியபின் ஏழு முதல் பத்து நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் இரண்டிரண்டு கிளைகளை, ஜூமில் தனியாகப் பேச உதவும் பிரேக்அவுட் அறைகளுக்கு அனுப்பி, அந்த வாரம் தமக்குக் குழப்பம் தந்த ஸ்லைடைப் பற்றிப் பேசவிடுகிறேன். இலவசக் கணக்கில் கூட்டத்திற்கு 40 நிமிட வரம்பு இருப்பதால், சாயம் ஏற்றுவதையும் சேர்த்து நடத்தும் இத்தகைய வகுப்புக்கு அது போதாது.

பயில்பவர்கள் தம் பணியிடத்துச் சிக்கலைத் தாமே கொண்டுவரும் இந்த முறைக்கு நல்ல முன்னோடி உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003இல் தொடங்கிய எக்கோ திட்டத்தில், தொலைதூர ஊர்களின் மருத்துவர்களும் செவிலியர்களும் கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைடிஸ் சி உள்ள தம் நோயாளிகளின் விவரங்களைக் காணொளிக் கூட்டத்தில் முன்வைத்து, நிபுணர்களுடன் விவாதித்துச் சிகிச்சை அளிக்கக் கற்றார்கள். 2011இல் வெளியான ஆய்வில், பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 சதவீதத்தினரும் எக்கோ மையங்களில் 58.2 சதவீதத்தினரும் வைரஸிலிருந்து விடுபட்டிருந்தது தெரியவந்தது. நிபுணரின் உரையைக் கேட்டதோடு நின்றிருந்தால் இப்படி நடந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

நிறம்தான் இன்னும் தீராத இடர். இணைய வேகம் குறையும்போது எந்தக் காணொளிச் சேவையும் படத்தைச் சுருக்கும். கேமராவும் நிறத்தைத் தன் போக்கில் மாற்றும். இயோசினோஃபில் என்ற வெள்ளையணுவின் ஆரஞ்சுத் துகள்கள் மங்கி, அது இன்னொரு வகை வெள்ளையணுவான நியூட்ரோஃபில்போலத் தோன்றியதை நான் பார்த்திருக்கிறேன். எனவே செல்களை அடையாளம் காணும் பகுதிக்கு நேரலையை நம்பாமல், முன்கூட்டியே எடுத்த தெளிவான புகைப்படங்களை ஒவ்வொரு கிளைக்கும் அனுப்பிவைக்கிறோம். மலேரியா ஒட்டுண்ணி என்று சந்தேகம் வந்தால் ஸ்லைடே மதுரைக்கு வந்தாக வேண்டும். திரையில் பார்த்து யாரும் முடிவு சொல்வதில்லை.

கையில் செய்முறையும் கண்ணில் கவனமும் தேவைப்படும் குழுப் பயிற்சிக்கு, ஊருக்கு இரண்டு கருவிகள் ஒதுக்க முடியுமானால், ஜூமை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். இரத்தம் எடுக்கக் கற்றுக்கொடுப்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்த மாட்டேன். இரத்த நாளம் விரலுக்கடியில் தட்டுப்படும் அந்த மெல்லிய துள்ளலைப் புதியவரின் விரலைப் பிடித்து வைத்துத்தான் உணர்த்த முடியும். அதற்காக, புதிதாகச் சேர்பவர்களின் முதல் மூன்று நாட்களை மதுரையிலேயே வைத்திருக்கிறோம்.