முதலில் உயரம், அப்புறம்தான் கட்டணம்: ஈரோடு பக்கத்தில் ஒரு காவலர், தீயணைப்பாளர் பயிற்சி மையம்

இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் ஆகிய மூன்று வேலைக்கும் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஒரே தேர்வுதான் நடத்துகிறது. அதற்கு ஆள் தயார் செய்யும் மையங்கள் கோவையிலிருந்து நாமக்கல் வரைக்கும் ஊருக்கு ஊர் முளைத்திருக்கின்றன. இங்கே எழுதுவது ஈரோடு மாவட்டத்தில் தங்கும் வசதியோடு நடக்கும் ஒரு மையத்தைப் பற்றி. குறைகளும் வருவதால் பெயர் வேண்டாம். எதை வைத்து அளந்தோம் என்பது எந்த மையத்துக்கும் பொருந்தும்.

மாதம் 6,500 ரூபாய், சாப்பாடு, தங்குமிடம் சேர்த்து. நாள் வகுப்புக்கு மட்டும் வந்துபோனால் 2,000. மூன்று மாதம் ஒரு சுற்று.

இந்த மையத்தை மற்றவர்களுக்குச் சொல்லலாம் என்று நினைக்க வைத்தது வாசலில் சுவரில் அடித்திருக்கும் அளவுக்கோல்தான். சேர வரும் பையனை செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகால், பின்பக்கம், தோள்பட்டை, பின்மண்டை சுவரில் படும்படி நிறுத்தி, தலையில் பலகையை முடி அமுங்கும்வரை அழுத்தி அளக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் ரசீதுப் புத்தகம் வெளியே வருகிறது. அளவு தேறவில்லை என்றால் பணம் வாங்குவதில்லை. இது பெரிய விஷயம். மூன்று மாதக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் "உனக்கு உயரம் பத்தலியே தம்பி" என்று கைவிரிக்கும் இடங்களும் இருக்கின்றன.

ஆணுக்கு 170 செ.மீ., பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 167. பெண்ணுக்கு 159, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 157. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு உயரத்தில் சலுகை கிடையாது, வயதில் மட்டும்தான். இதில்தான் நம்ம பக்கத்துப் பெற்றோர் அதிகம் ஏமாறுகிறார்கள். வாசலில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது:

"ஏனுங் சார், பையன் நூத்தி அறுவத்தொம்போது இருக்கறானுங்க. பி.சி. சர்ட்டிபிகேட் இருக்குதுங்க. ஒரு செண்டிமீட்டர்தானுங்களே, பாத்து விட்ருவாங்கல்லொ?"

"அரை செண்டிமீட்டரும் விட மாட்டாங்கங்க. வேற வேலைக்குப் படிக்க வையுங்க, பையன் நல்லாப் படிக்கறவனாட்ட இருக்கறான்."

முகத்துக்கு நேராக இப்படிச் சொல்லும் பயிற்சியாளர் கிடைத்தால் விடாதீர்கள்.

மலைப்பகுதிப் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழங்குடிப் பட்டியலில் 'மலையாளி' (கேரளத்துக்காரர் அல்ல, நம் மலைகளில் வாழும் பழங்குடி இனம்) என்ற பெயர் குறிப்பிட்ட சில மாவட்டங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது. பழைய சேலம் மாவட்டம் அதில் உண்டு, ஈரோடு இல்லை. ஏற்காட்டுப் பையனுக்கு 167, அதே இனத்தைச் சேர்ந்த பர்கூர் மலைப் பையனுக்கு 170. ரொம்ப வருத்தமான விஷயம். சான்றிதழில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் எந்தக் கோட்டில் நிற்கிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். மையம் இதைச் சரியாகவே சொல்லித்தருகிறது.

காலையில் எழுந்ததும் இருக்கும் உயரம் பொழுதோட இருக்காது. முதுகெலும்பு வட்டுகள் பகலெல்லாம் அழுந்தி ஒரு செ.மீ. அளவுக்குக் குறையலாம். 170.2 இருக்கிற பையன் முந்தின ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தே வந்து, இறங்கிய கையோடு வரிசையில் நின்றால் ஆபத்து. முதல் நாளே போய்ப் படுத்துத் தூங்க வேண்டும்.

மார்பளவு ஆண்களுக்கு மட்டும். சாதாரணமாக 81, மூச்சை இழுத்தால் குறைந்தது 5 செ.மீ. விரிய வேண்டும். இங்கே தோற்பவன் பெரும்பாலும் நெஞ்சு சின்னவன் அல்ல, பயந்தவன். டேப்பைச் சுற்றும்போதே மூச்சைப் பிடித்து நெஞ்சை நிமிர்த்திவிடுவான். 81 காட்ட வேண்டியது 84 ஆகிவிடும். அப்புறம் 89 காட்ட வேண்டும், முடியாது. மையத்தில் தினமும் பயிற்சி முடிந்ததும் இருவர் இருவராக டேப் பிடித்துப் பழகுகிறார்கள். முதல் அளவில் மூச்சை முழுசாக வெளியே விட்டு, தோளைத் தளர்த்தி நிற்க வேண்டும். டேப் முதுகில் தோள்பட்டை எலும்புக்குக் கீழாகப் போகிறதா என்றும் பார்க்கிறார்கள். இரண்டு வாரத்தில் கைவந்துவிடும்.

ஓட்டத்துக்கு வந்தால் முதல் பெரிய குறை. ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியில். இது தகுதி ஓட்டம், மதிப்பெண் கிடையாது, தவறினால் வீட்டுக்கு. மையத்தின் மண் மைதானத்தை ஒரு சுற்று 250 மீட்டர் என்று கணக்கு வைத்து, ஆறு சுற்று ஓடவிட்டு விசில் அடிக்கிறார்கள். உள்கோட்டை ஒட்டி டேப் பிடித்தால் ஒரு சுற்று 232 மீட்டர்தான். ஆறு சுற்றுக்கு 1392. அங்கே 6 நிமிடம் 50 விநாடியில் முடித்து "பாஸ்" என்று கைதட்டு வாங்கும் பையன், அதே வேகத்தில் உண்மையான 1500 ஓடினால் 7 நிமிடம் 22 விநாடி ஆகும். சேர்ந்தவர்கள் வாரம் ஒருநாளாவது ஈரோடு வ.உ.சி. பூங்கா மைதானத்துக்கோ, கோவைப் பக்கம் இருந்தால் நேரு ஸ்டேடியத்துக்கோ போய் 400 மீட்டர் தடத்தில் ஓடிப் பாருங்கள். கணக்கு எளிது: 400 மீட்டருக்கு 112 விநாடி, அப்படி மூன்றே முக்கால் சுற்று. முதல் சுற்றை 80 விநாடியில் பறந்துவிட்டு மூன்றாவதில் வாயால் மூச்சு வாங்கி நிற்பதுதான் வழக்கமான தோல்வி. முதல் சுற்றை 105க்குக் குறையாமல் பிடித்து ஓடச் சொல்லும் பயிற்சியாளர் இந்த மையத்தில் இருக்கிறார், அது நல்லது. அளவு தப்பாக இருக்கும் தடத்தில் அவர் சொல்லும் வேகம் வீணாகிறது.

அடுத்து ஸ்டார் போட்டிகள், அதாவது எட்டும் அளவைப் பொறுத்து சிங்கிள் ஸ்டார், டபுள் ஸ்டார் என்று மதிப்பெண் தரும் உடல் திறன் போட்டிகள். மொத்தம் 100 மதிப்பெண்ணில் முதன்மை எழுத்துத் தேர்வுக்கு 70, உடல் திறன் போட்டிகளுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றுக்கு 6. ஆண்களுக்குக் கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். மூன்றிலும் டபுள் ஸ்டார் எடுத்தால்தான் முழு 24. கயிறு 5 மீட்டர் ஏறினால் சிங்கிள், 6 மீட்டர் ஏறினால் டபுள். நீளம் 3.80, 4.50 மீட்டர். 100 மீட்டர் என்றால் 15, 13.5 விநாடி. 400 என்றால் 80, 70 விநாடி. தூரம் ஓடிப் பழகிய தோட்டத்துப் பையன்களுக்கு 400 மீட்டர்தான் பொருந்தும், 13.5 விநாடி எல்லோருக்கும் வாய்க்காது.

கயிற்றைத்தான் இந்த மையத்தில் ரசித்துப் பார்க்கலாம். சொல்லித்தருபவர் தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையால் மட்டும் இழுத்துக்கொண்டு ஏறுகிறவன் மூன்று மீட்டரில் தொங்கிப்போவான், ஏறுவது காலில்தான் இருக்கிறது என்பது அவர் பாடம். கயிறு ஒரு பாதத்தின் மேல் கிடக்க, மறு பாதத்தின் அடிப்பக்கத்தால் அதை அழுத்திப் பூட்டி, அந்தப் பூட்டின்மேல் எழுந்து நின்று, பிறகு கையை மேலே மாற்ற வேண்டும். "பூட்டு, நில்லு, கை" என்று மூன்று சொல். இறங்கும்போது வழுக்கிக்கொண்டு வந்தால் உள்ளங்கைத் தோல் போய்விடும், அடுத்த பத்து நாளைக்குக் கயிற்றைத் தொட முடியாது. தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் அப்படிக் கையைக் கிழித்துக்கொள்கிறவர்கள் உண்டு. கை மாற்றி மாற்றித்தான் இறங்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பு.

ஆனால் தொங்கும் கயிறு 5.2 மீட்டர்தான். டபுள் ஸ்டாருக்குத் தேவையான கடைசி 80 செ.மீ. அங்கே இல்லவே இல்லை. ஐந்தாவது மீட்டரில் முன்கை நடுங்கத் தொடங்கும், அதைத் தாண்டி ஒரு பூட்டு போடும் பழக்கம்தான் ஆறு மீட்டருக்கு வேண்டியது.

பெண்களுக்கு நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் அல்லது கிரிக்கெட் பந்து எறிதல், 100 அல்லது 200 மீட்டர் ஓட்டம். மையத்தில் 4 கிலோ குண்டு ஒன்றே ஒன்றுதான், பதினைந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். இன்னும் இரண்டாவது வாங்க வேண்டும்.

எழுத்துத் தேர்வு வகுப்பு பரவாயில்லை. தமிழ் மொழித் தகுதித் தேர்வு 80 கேள்வி, 32 எடுத்தால் போதும். அந்த மதிப்பெண் தரவரிசையில் சேராது. சேராவிட்டாலும் அதில் தவறினால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பத்தாம் வகுப்புத் தரம்தான் என்று அசட்டையாக விடும் பட்டதாரிகள் இலக்கணத்தில் மாட்டுவார்கள். இங்கே சனிக்கிழமைதோறும் 80 கேள்வியையும் ஓ.எம்.ஆர். தாளில் எழுத வைக்கிறார்கள். முதன்மைத் தாளின் 70 கேள்வியில் பொது அறிவு 45, உளவியல் 25. அந்த 25ஐ இவர்கள் ஞாயிறு ஒரு மணி நேரத்தில் அடக்கப் பார்ப்பது தப்பு. பொது அறிவு கடல், எவ்வளவு படித்தாலும் நாலு கேள்வி நழுவும். உளவியலில் வரும் எண்தொடர், திசை, உறவுமுறைக் கணக்குகளைத் தினமும் அரைமணி போட்டால் மதிப்பெண் நிச்சயம். படிப்பு மட்டும் போதும் என்பவர்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசமாகவே சேரலாம்.

சில பேர் "மாநகராட்சி பயர் சர்வீஸ் வேலைக்கு இங்கே சொல்லித்தருவாங்களா" என்று கேட்டு வருகிறார்கள். மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியின் கீழ் இருக்கிறது. நம் மாநிலத்தில் அப்படி இல்லை. கோவை, சேலம், திருப்பூரில் மாநகரக் காவல் என்று பெயர் இருந்தாலும் போலீசும் தீயணைப்பும் மாநில அரசுத் துறைதான், மாநகராட்சிக்கு ஆள் எடுக்கும் அதிகாரம் கிடையாது. அப்படி ஒரு வேலை வாங்கித்தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

தீயணைப்பாளர் இடங்கள் ஆண்டுக்கு ஆண்டு ரொம்ப மாறும். 2022 அறிவிப்பில் மொத்தம் 3,552 இடத்தில் தீயணைப்புக்கு 120. 2023இல் 3,359 இடத்தில் 674. இரண்டிலும் அந்தப் பணி ஆண்களுக்கு மட்டும். நூற்பாலைப் பஞ்சும் பனியன் குடோனும் எரியும் ஊரில், ஆழக் கிணற்றில் விழுந்த மாட்டைக் கயிறு கட்டித் தூக்கும் ஊரில், இந்த வேலைக்கு மனசோடு வருகிற பையன்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணை முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும். நிறக்குருடு, மாறுகண் இருந்தால் தீயணைப்புக்குத் தகுதி போய்விடும். நிறக்குருடு இருப்பது பல பேருக்கு இருபது வயது வரை தெரியவே தெரியாது. உயரத்தை வாசலில் அளக்கும் மையம் கண்ணை மட்டும் ஏன் விட்டது என்று புரியவில்லை. அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் வண்ணப் புள்ளி அட்டையைப் படிக்கச் சொல்வார்கள், ஐந்து நிமிட வேலை. தட்டைப் பாதம், முட்டி தட்டுதல் இரண்டையும் வீட்டிலேயே பார்க்கலாம். ஈரக்காலைச் சிமெண்டுத் தரையில் வைத்து எடுங்கள், உள்வளைவு தெரியாமல் பாதம் முழுசும் பதிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு முட்டியும் தொட நிற்கும்போது கணுக்கால்கள் சேராமல் அகன்று நின்றால் அதையும்.

வயது ஜூலை 1ஆம் தேதிக் கணக்கு. 18 முடிந்திருக்க வேண்டும், பொதுப்பிரிவுக்கு 26, பி.சி., எம்.பி.சி.க்கு 28, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 31 வரை. படிப்பு பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. தமிழ்வழி ஒதுக்கீடு கேட்கிறவர் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்ததற்குச் சான்று வாங்க வேண்டும். ஐந்து வரை ஊர்ப் பள்ளி, அப்புறம் டவுன் பள்ளி என்றால் இரண்டு தலைமையாசிரியரிடமும் போக வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு அலையாமல் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

கடைசியாக, மையத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது, வழக்கு. கோயில் நோம்பியில் தகராறு, பைக் மறித்த சண்டை என்று எஃப்.ஐ.ஆரில் பெயர் ஏறியிருந்தால் அது இங்கே வந்து நிற்கும். தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(b) என்று ஒன்று. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே அது எடுத்துக்கொள்கிறது. சமரசம் ஆகிவிட்டது, தள்ளுபடி ஆகிவிட்டது என்று படிவத்தில் எழுதாமல் விட்டால் மறைத்த குற்றமும் சேரும். சேர்வதற்கு முன்பே வழக்கறிஞர் ஒருவரிடம் தீர்ப்பு நகலைக் காட்டி, அது கௌரவமான விடுதலையா (குற்றமே இல்லை என்று முழுசாக விடுவித்தது), சந்தேகத்தின் பலனா என்று படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

கயிற்றை உயர்த்திக் கட்ட இன்னொரு இரும்புக் கம்பம் வாங்கப்போவதாக மையத்தில் சொல்கிறார்கள். அதுவரை சேர்கிறவர்கள் மாதம் இரண்டு முறையாவது ஆறு மீட்டர் கயிறு உள்ள இடமாகப் பார்த்து ஏறிப் பழகுங்கள். சேரும் அன்றே கையில் சொந்த டேப் ஒன்று இருக்கட்டும்.