இரவு எட்டு மணிக் குளிசை: மூன்று வருட அனுபவம்

2009இல் பட்ட செல் (எறிகணை) துண்டொன்று இன்னும் என் இடது கெண்டைக்காலுக்குள் கிடக்கிறது. துண்டால் கரைச்சல் இல்லை. அது கிழித்துப்போன நரம்புதான் ஆளைக் கொல்லும். இரவானால் பாதத்தில் மிளகாய்த்தூள் அப்பியதுபோல எரியும். போர்வை பட்டாலே சுரீர் என்று இழுக்கும். பனடோலுக்கு அது மசியவில்லை. கிளினிக்கில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதித் தந்தார்கள்.

மகள் போனில் தேடிவிட்டு, "அப்பா, இது மனச்சோர்வுக்குக் குடுக்கிற குளிசையெல்லோ?" என்றாள். மனைவி அன்று முழுக்க என்னை ஒரு மாதிரித்தான் பார்த்தாள். சரி, பழைய மனச்சோர்வு மருந்துதான். ஆனால் அதற்குக் கொடுப்பது இதைவிடப் பல மடங்கு. சின்ன அளவில் இது நரம்பு நோவை மட்டுப்படுத்தும்.

முதல் கிழமை நோ குறையவில்லை, நாக்குத்தான் பனங்கொட்டைத் தும்பாகக் காய்ந்தது. விட்டுவிடத்தான் நினைத்தேன். நாலாவது கிழமைதான் போர்வையோடு படுக்க முடிந்தது. பிறகு டொக்டரே 25 ஆக்கினார்.

நான் பட்டுப் படித்தது நேரம்தான். தொடக்கத்தில் படுக்கும்போது போட்டேன். விடிய ஐந்து மணிக்குத் தண்ணீர் முறைக்கு மோட்டார் சைக்கிளில் போனபோது கண் சொருகி, இரணைமடு வாய்க்கால் கரையில் சைக்கிளோடு சரிந்தேன். முழங்கை உரசல், அவ்வளவுதான். இப்போது எட்டு மணிக்குக் குளிசை, பத்துக்கு நித்திரை, ஐந்துக்குத் தலை தெளிவு. சாமத்தில் எழும்புவதென்றால் கட்டில் ஓரத்தில் கொஞ்சம் இருந்துவிட்டுத்தான் எழும்புவேன். சட்டென்று எழும்பினால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். மலச்சிக்கலுக்குப் பப்பாசிப்பழமும் தண்ணீரும்.

ஒருமுறை தடிமனுக்குக் கடையில் கேட்டு வாங்கிய குளிசையையும் சேர்த்துப் போட்டேன். அதுவும் வாயைக் காய வைக்கிற வகை. அன்றிரவு சலம் போக முடியாமல் முற்றத்தில் நின்ற நிற்பை மறக்கமாட்டேன். ட்ரமடோல் போன்ற நோக் குளிசையோடும் கவனம், கேட்காமல் சேர்க்கக்கூடாது. கள்ளும் விட்டாயிற்று (மனைவிக்கு அதில்தான் சந்தோஷம்). இதய வருத்தம், குளுக்கோமா (கண் அழுத்த நோய்), புரோஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் தொடங்க முதலே டொக்டரிடம் சொல்லவேண்டும். எனக்கு ஈசிஜி எடுத்துப் பார்த்துத்தான் தந்தார்கள்.

பெட்டி அலுமாரிக்குள் பூட்டில் இருக்கிறது. பேரன் தவழ்கிற வயது. அளவு மீறினால் இது இதயத்தைத் தாக்கும், ஒரு குழந்தையின் உயிர் போக ஒரு சில குளிசையே போதும்.

கொழும்புக்குப் போன நேரம் பெட்டியை மறந்து நாலு நாள் விட்டேன். நித்திரையில்லை, வயிற்றுப் பிரட்டல், எரிவும் திரும்பியது. நிறுத்துவதென்றாலும் படிப்படியாகத்தான்.

போன கிளினிக்கில் திரும்ப 10க்கு இறக்கிப் பார்ப்போம் என்றார் டொக்டர். மூன்று கிழமையாகிறது. மழை இருட்டினால் மட்டும் பெருவிரல் கொஞ்சம் எரிகிறது.