பன்னிரண்டு ஞாயிறா, பதினான்கு நாளா? சென்னையில் பெர்மாகல்ச்சர் படிக்க எது தோது

தோட்டத்தையும் பண்ணையையும் இயற்கையின் போக்கிலேயே, தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்படி வடிவமைக்கும் முறைதான் பெர்மாகல்ச்சர். அதன் வடிவமைப்புச் சான்றிதழுக்குப் பெரும்பாலும் ஒரே கணக்குதான்: 72 மணி நேரம். ஆஸ்திரேலியாவில் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரெனும் 1978-இல் புத்தகமாகக் கொண்டுவந்த யோசனை பெர்மாகல்ச்சர். பாடத்திட்டம் மாலிசன் வகுத்தது. அந்த 72 மணியை ஒரு பண்ணையில் தங்கி இரண்டு வாரத்தில் முடிக்கலாம். ஆறு ஆறு மணியாகப் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிக்கலாம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பிலும் பார்க்கலாம். நான் முதலில் லேப்டாப்பில் படித்தேன், அப்புறம் ஞாயிறு வகுப்புக்குப் போனேன். சித்தி மகன் தங்கிப் படித்தவன். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு.

தங்கிப் படிப்பதில் கைக்குத்தான் முதல் பாடம். சித்தி மகன் போனது ஆரோவில் பக்கம், ஈ.சி.ஆர். வழியாக மூன்று மணி நேரப் பயணம். காலையில் மக்கு உரக் குவியலைப் புரட்டினால்தான் காபி. மூன்று சவுக்குக் கொம்பை 'ஏ' எழுத்துப் போலக் கட்டி, நடுவில் கயிற்றில் கல்லைத் தொங்கவிட்டு, நிலத்தில் சமமட்டம் பார்க்க ஒரே நாளில் பழகிவிட்டான். செய்யூரிலோ மதுராந்தகத்திலோ இரண்டு ஏக்கர் வாங்கிப்போட்டவர்கள் யோசிக்கவே வேண்டாம், இதுதான் வழி. சிக்கல் என்னவென்றால் பதினான்கு நாள் லீவு, அதோடு அது இன்னொருவர் நிலம். அவன் வீடு திரும்பியதும் நோட்டு பரணுக்குப் போய்விட்டது.

ஆன்லைன் மலிவு. ஆனால் பாடம் எடுப்பவரின் வெயிலும் மழையும் வேறு. நான் வாங்கிய அடி இதில்தான். மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்புறம், அரை கிரவுண்டில் வீடு போக மிச்சம். வறண்ட சரிவு நிலத்தில் ஸ்வேல், அதாவது சரிவுக்குக் குறுக்கே சமமட்டத்தில் ஓடும் வாய்க்கால், வெட்டி மழைநீரை நிறுத்தும் வீடியோவைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி ஒரு வாய்க்கால் வெட்டினேன். நவம்பரில் நான்கு நாள் தண்ணீர் அப்படியே நின்றது. கொசு. "தண்ணிய வெளிய தள்ளத்தான் உங்கப்பா மோட்டார் வாங்கி வச்சிருக்காரு, நீ உள்ள கூட்டிட்டு வர்றியாடா?" என்றார் அம்மா. பதில் சொல்ல முடியவில்லை.

ஞாயிறு வகுப்பில் முதல் வாரமே அதற்கு விடை கிடைத்தது. வீட்டுப்பாடம்: ஓர் அடி ஆழக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி, வடியும் நேரத்தைக் குறித்து வர வேண்டும். திருவான்மியூர்க்காரர் ஒருவருக்குக் காபி ஆற்றி முடிப்பதற்குள் குழி காலி, கடற்கரை மணல். என் களிமண் குழியில் மறுநாள் காலையிலும் தண்ணீர் இருந்தது, கூடவே ஒரு தவளை. எனக்கு வேண்டியது வாய்க்காலே இல்லை, மேட்டுப்பாத்தி. மொட்டை மாடித் தண்ணீர் பழைய கிணற்றுக்குள் போகட்டும் என்று படத்தை மாற்றி வரைந்தேன்.

இன்னொரு வீட்டுப்பாடம், நான்கு அடிக் குச்சியின் உச்சிவேளை நிழல். தோட்டத்துக்கு வடக்கு வெயில் முக்கியம் என்பார் ஆஸ்திரேலிய ஆசிரியர், தெற்கு என்பார் அமெரிக்க ஆசிரியர். சென்னையில் இரண்டும் பாதி உண்மை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் இங்கே உச்சிச் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். ஜூலையில் என் குச்சியின் நிழல் தெற்கே ஒரு சாண்கூட இல்லை. டிசம்பரில் வடக்கே கிட்டத்தட்ட மூன்று அடி. கோடையில் வடக்குச் சுவரும் காய்கிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன். பந்தலை அங்கே போட்டேன். இரண்டு வாரம் தங்கிப் படிப்பவருக்கு இந்த நிழல் திரும்புவது கண்ணில் படாது. என்னைப் பொறுத்தவரை, பகுதிநேர வகுப்புக்குக் கட்டும் பணம் ஞாயிற்றுக்குக்கூட இல்லை, நடுவில் வரும் ஆறு நாளுக்குத்தான்.

குறை இல்லாமல் இல்லை. ஆவணி முகூர்த்தம், தீபாவளி என்று ஆட்கள் கழன்றுகொண்டே இருப்பார்கள். பாதிப் பாடம் ஆங்கிலத்தில் ஓடும். பெரிய மரம், ஆடு மாடு எல்லாம் படத்தில்தான்.

முழுக்கத் தமிழில், நம் மண்ணை வைத்துக் கேட்க வேண்டுமென்றால் கரூர் மாவட்டம் கடவூர் பக்கம் இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் தொடங்கிய வானகம் என்ற பண்ணை இருக்கிறது. அங்கே நடப்பது சில நாள் பயிற்சிதான், வடிவமைப்புச் சான்றிதழ் அல்ல. மண்ணை இலைதழையால் மூடிவைக்கும் மூடாக்கைப் பற்றி அங்கே கேட்டால் மறக்காது. மாடியில் நாலு கத்தரிச் செடி போதும் என்பவருக்கு இது எதுவுமே தேவையில்லை, க்ரோ பேக்கும் தென்னை நார்க்கழிவும் வாங்கினால் ஆயிற்று.

ஞாயிறு வகுப்பில் சேருவதாக இருந்தால் பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த மாதம் தொடங்குகிறது? வாரம் விட்டு வாரம் என்று ஆடியில் தொடங்கி மார்கழி வரை இழுத்தால் வெயிலும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பாடத்துக்குள் வந்துவிடும். பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரலில் முடிந்தால் தண்ணீர்ப் பாடம் முழுக்க வெள்ளைப் பலகையில்தான். அடுத்தது, கடைசியில் வரையும் வடிவமைப்பு என் வீட்டுக்கா, அவர்கள் கொடுக்கும் மாதிரி நிலத்துக்கா? மாதிரி நிலம் என்றால், லீவு போட்டுவிட்டு சித்தி மகன் போன வழியிலேயே போய்விடலாம்.