ஃப்ரேஸ் ரீப்ளேஸ்மென்ட்: ரூல் புத்தகமா, பேப்பர் வாசிப்பா, பழைய கேள்வித்தாளா?

மத்திய அரசு வேலைகளுக்குப் பணியாளர் தேர்வு ஆணையம் (எஸ்எஸ்சி) நடத்தும் சிஜிஎல் தேர்வுக்கும் பேங்க் தேர்வுக்கும் ஒரே நேரத்தில் படிக்கிறவர்கள் நம்மூரில் நிறையப் பேர். இரண்டிலும் இங்கிலீஷ் பகுதியில் வாக்கியத்தின் ஒரு துண்டை அடிக்கோடிட்டோ தடித்த எழுத்திலோ கொடுத்து, இதற்குப் பதிலாக எது வரும் என்று கேட்பார்கள், இதுதான் ஃப்ரேஸ் ரீப்ளேஸ்மென்ட். இதற்கு எப்படித் தயாராவது என்று யாரைக் கேட்டாலும் மூன்று பதில்தான் வரும். கிராமர் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து முடி. தினமும் இங்கிலீஷ் பேப்பர் படி, தானா வரும். பழைய கேள்விகளைப் போட்டுக்கொண்டே இரு. மூன்றும் தேவைதான் என்று சொல்லி நழுவிவிடலாம். ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே ராத்திரி ஒன்பது மணிக்குமேல் புத்தகத்தைத் திறக்கிறவருக்கு அந்தப் பதிலால் ஒரு பிரயோஜனமும் இல்லை, எதை முதலில் வைப்பது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். என் ஓட்டு பழைய கேள்விகளுக்கு. பேங்க் மட்டும் எழுதுகிறவர் என்றால் அந்த ஓட்டில் பாதியைப் பேப்பர் வாசிப்புக்கு மாற்றிவிடுவேன்.

இந்தப் பாதிக்கணக்குக்குக் காரணம், இரண்டு தேர்வும் கேட்கும் விதமே வேறு. எஸ்எஸ்சியில் நான்கு ஆப்ஷன், அதில் ஒன்று பெரும்பாலும் "நோ இம்ப்ரூவ்மென்ட்" அல்லது "நோ சப்ஸ்டிட்யூஷன் ரிக்வயர்ட்", அதாவது மாற்றவே தேவையில்லை. சரியான விடை ஒன்றுதான். பேங்கில் இந்த வகையும் உண்டு, கூடவே இன்னொன்றும் உண்டு: மூன்று மாற்றுத் தொடர்களைக் கொடுத்துவிட்டு, ஒன்று மட்டும், ஒன்றும் இரண்டும், மூன்றுமே, எதுவுமில்லை என்ற மாதிரி ஐந்து ஆப்ஷன் வைப்பார்கள். முன்னதில் தப்பைக் கண்டுபிடித்தால் போதும். பின்னதில் சரியாக இருக்கக்கூடிய எல்லாமே தெரிந்திருக்க வேண்டும்.

எஸ்எஸ்சி பாணியில் ஒரு வாக்கியம் பார்ப்போம். "நோ சூனர் டிட் த ட்ரெய்ன் அரைவ்ட் தேன் த பாசஞ்சர்ஸ் ரஷ்ட் இன்." அடிக்கோடு "டிட் த ட்ரெய்ன் அரைவ்ட்" என்ற துண்டுக்கு. ஆப்ஷன்கள்: "ஹேட் த ட்ரெய்ன் அரைவ்ட்", "டிட் த ட்ரெய்ன் அரைவிங்", "த ட்ரெய்ன் ஹேட் அரைவ்ட்", நோ இம்ப்ரூவ்மென்ட்.

ரூல் படித்தவர், டிட் வந்தால் பின்னால் வெர்பின் முதல் வடிவம்தான் வரவேண்டும் என்று உடனே பிடித்துவிடுவார், ஆனால் மனதில் "டிட் த ட்ரெய்ன் அரைவ்" என்று விடையைத் தயார் செய்துகொண்டு ஆப்ஷனுக்கு வந்தால் அது அங்கே இல்லை, சிலர் இந்த இடத்தில்தான் தடுமாறி நேரத்தை விடுகிறார்கள். பேப்பர் வாசிப்பை மட்டும் நம்பியவருக்கு வாக்கியம் காதுக்கு ஓரளவு சரியாகவே கேட்கும், நோ இம்ப்ரூவ்மென்ட்டைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். பழைய கேள்விகள் நிறையப் போட்டவர் வாக்கியத்தைவிட ஆப்ஷன்களைத்தான் முதலில் பார்ப்பார். நான்கும் எதில் வேறுபடுகின்றன? வெர்பின் வடிவத்திலும், ஹேட் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதிலும். அப்படியானால் கேட்பது நோ சூனருக்குப் பின் வரும் தலைகீழ் வரிசையை, அதாவது இன்வர்ஷனை. "த ட்ரெய்ன் ஹேட்" என்று நேராகப் போவது அடிபடும், டிட்டோடு அரைவிங் சேராது, அரைவ்டும் சேராது. மிஞ்சுவது முதல் ஆப்ஷன். அரை நிமிடம்கூட ஆகாது.

ரூல் புத்தகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவருக்கு, இது ஏன் தப்பு என்று காரணத்தோடு சொல்ல அதைவிட்டால் வேறு ஆள் இல்லை. பிரச்சினை அதன் வரிசை. நவுனில் தொடங்கும், அதில் எந்தச் சொல்லுக்குப் பன்மை கிடையாது என்று பக்கம் பக்கமாகப் போகும், ப்ரோநவுன், அட்ஜெக்டிவ் என்று நகரும். கண்டிஷனலும் இன்வர்ஷனும் பார்ட்டிசிபிளும் வரும்போது பாதிப் பேர் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்திருப்பார்கள். திரும்பத் தொடங்கும்போது மறுபடியும் நவுன். இப்படி நவுன் சாப்டரில் மட்டும் பண்டிதரானவர்கள் எத்தனையோ பேர்.

பேப்பர் வாசிப்பு பற்றி. "இந்து எடிட்டோரியல் படி" என்பது கோச்சிங் உலகின் வேதவாக்கு. நீண்ட காலத்துக்கு அது பலன் தரும் என்பதில் சந்தேகம் இல்லை, காம்ப்ரிஹென்ஷன் வேகம் கூடும், சொற்கள் பழகும். ஆனால் ஃப்ரேஸ் ரீப்ளேஸ்மென்ட்டுக்குக் காதை நம்பச் சொல்வதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. நம் காது எடிட்டோரியலால் மட்டும் பழகியதில்லை, காலேஜ் வகுப்பிலும் ஆபீஸ் மெயிலிலும் கேட்ட இங்கிலீஷாலும் பழகியது. "டிஸ்கஸ் அபவுட்", "கோப் அப் வித்", "ரிட்டர்ன் பேக்", "டிஸ்பைட் ஆஃப்", "சீனியர் தேன் மீ" எல்லாம் நமக்கு உறுத்தவே உறுத்தாது. கேள்வி எடுப்பவருக்கும் அது தெரியும், அடிக்கோடு போடுவதே அந்த இடத்தில்தான். அதனால் காதை நம்புகிறவர் நோ இம்ப்ரூவ்மென்ட்டை அளவுக்கு மீறித் தட்டுவார். ரூல் மட்டும் படித்தவர் நேர் எதிர், ஒழுங்கான வாக்கியத்திலும் தப்பு இருந்தே தீரும் என்று சந்தேகப்பட்டு அந்த ஆப்ஷனைத் தொடவே மாட்டார்.

சரி, பழைய கேள்விகள். இதில் எஸ்எஸ்சி எழுதுகிறவருக்கு ஒரு வசதி இருக்கிறது: ஆணையமே கேள்வித்தாளையும் ஃபைனல் கீ எனும் இறுதி விடைப்பட்டியலையும் வெளியிடுகிறது, ஆக நீங்கள் போடுவது அசல் கேள்வி, அசல் விடை. பேங்க் தேர்வுகளை நடத்தும் ஐபிபிஎஸ் அப்படி வெளியிடுவதில்லை. மெமரி பேஸ்டு என்று கிடைப்பவை எழுதிவிட்டு வந்தவர்கள் நினைவிலிருந்து சொன்னவை, ஒரு ப்ரெபொசிஷன் மாறிப்போனால் விடையே மாறிவிடும் வகைக் கேள்விக்கு அது எவ்வளவு தூரம் தாங்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பேங்குக்குப் படிக்கிறவரும் கிராமர் பழக எஸ்எஸ்சி தாள்களை எடுத்துப் போடலாம், தப்பே இல்லை.

சும்மா போட்டுத் தள்ளினால் மட்டும் பத்தாது. தப்பாகப் போன ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் எதைச் சோதித்தார்கள் என்று ஒரே ஒரு சொல் எழுதுங்கள்: டென்ஸ், ப்ரெபொசிஷன், இன்வர்ஷன், சப்ஜெக்ட்-வெர்ப் அக்ரிமென்ட். சில தாள்கள் முடிந்ததும் எந்தச் சொல் அதிகம் வருகிறது என்று பாருங்கள், அந்தச் சாப்டரை மட்டும் புத்தகத்தில் திறந்து படியுங்கள். ஒன் ஆஃப் த வந்தால் பின்னால் பன்மை நவுன், ஆனால் வெர்ப் ஒருமை. ஹார்ட்லிக்கு வென், நோ சூனருக்கு தேன். லெஸ்ட்டுக்கு ஷுட், கூடவே நாட் போடக்கூடாது. இவை பட்டியலாகப் படித்தால் மறுநாள் போய்விடும், மார்க் இழந்த இடத்தில் படித்தால் நிற்கும்.

பேங்க் வகையில் மட்டும் இந்த முறை பாதியில் நின்றுவிடும். "த கம்பெனி இஸ் லுக்கிங் ஃபார்வர்ட் டு ஓப்பன் எ பிராஞ்ச் இன் மதுரை." மாற்றுகள்: ஒன்று, "லுக்கிங் ஃபார்வர்ட் டு ஓப்பனிங்". இரண்டு, "ஹோப்பிங் டு ஓப்பன்". மூன்று, "லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார் ஓப்பனிங்". ரூல்காரர் முதலாவதைப் பார்த்ததும் மகிழ்ந்து "ஒன்று மட்டும்" என்று தட்டுவார். இரண்டாவதும் கிராமர்படி சரி, அந்த இடத்தில் பொருளும் கெடவில்லை, விடை ஒன்றும் இரண்டும். ஒரே விஷயத்தை வேறு எப்படியெல்லாம் சொல்லலாம் என்ற பழக்கம் வாசிப்பில்தான் வரும், இதற்கு எந்த ரூலும் கிடையாது. எடிட்டோரியல் கடினமாக இருந்தால் பிசினஸ் பக்கத்துச் செய்திகளைப் படியுங்கள், பேங்க் தேர்வு வாக்கியங்கள் பல அந்த மாதிரிதான் இருக்கும்.

யூடியூப் வகுப்பு, மாக் டெஸ்ட் ஆப் இரண்டையும் நான் தனி வழியாகவே எண்ணவில்லை. வகுப்பு பார்ப்பது படித்த மாதிரித் தோன்றும், அவ்வளவுதான். ஆப் நேரம் பழக உதவும், ஆனால் அதன் விளக்கத்தைப் புத்தகத்தோடு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், எதைப் படித்தாலும் ஹாலில் சந்தேகம் வரத்தான் செய்யும். சிஜிஎல் முதல் கட்டத்தில் சரிக்கு 2, தப்புக்கு 0.50 போகும். இரண்டாம் கட்டத்தில் சரிக்கு 3, தப்புக்கு 1. நான்கில் இரண்டை அடித்துவிட்டீர்கள் என்றால் மிச்சத்தில் ஒன்றைத் துணிந்து போடலாம், கணக்கு உங்கள் பக்கம். பேங்கில் ஐந்து ஆப்ஷன், தப்புக்கு கால் பங்கு போகும், குருட்டாம்போக்கில் ஐந்து கேள்வி தட்டினால் சராசரியாக வரவும் செலவும் சமம். ஐபிபிஎஸ் பிஓ (பேங்க் அதிகாரி) தேர்வின் முதல் கட்டமான ப்ரிலிம்ஸில் இங்கிலீஷ் பகுதிக்கு 30 கேள்விக்கு 20 நிமிடம்தான், அதனால் எஸ்எஸ்சி பாணிக் கேள்விகளை முதலில் முடித்துவிட்டு, மூன்று மாற்று கொடுக்கும் வகையைக் காம்ப்ரிஹென்ஷனுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.