அணு எரிபொருள் ஆலையை மூடும் செலவு: முன்பணமா, உத்தரவாதமா, வாக்குறுதியா?

அணுமின் உலையை என்றாவது ஒருநாள் நிரந்தரமாக மூடுவதற்கான பணத்தை மின்கட்டணத்திலேயே யூனிட்டுக்கு இவ்வளவு என்று சேர்த்து வசூலித்துவிடலாம். யுரேனியம் செறிவூட்டும் ஆலைக்கும் எரிபொருள் தயாரிக்கும் ஆலைக்கும் அந்த வசதி கிடையாது. வாடிக்கையாளர்கள் சில மின் நிறுவனங்கள் மட்டுமே. ஒப்பந்தங்கள் கைநழுவினால் வருமானம் நின்றுவிடும், மாசு மட்டும் அங்கேயே கிடக்கும்.

முழுத் தொகையையும் தொடக்கத்திலேயே, நிறுவனம் கைவைக்க முடியாத தனி அறக்கட்டளையில் போட்டுவிடுவது மிகப் பாதுகாப்பானது. ஆனால் முதலீடு முடங்கும். தவிர, தொகையே நிலையானதல்ல: செறிவூட்டும் ஆலையில் எஞ்சும் யுரேனியக் கழிவு உருளைகளில் ஆண்டுதோறும் பெருகும். அமெரிக்க விதிகள் மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது மதிப்பீட்டைத் திருத்தச் சொல்வது இதனால்தான்.

தவணை முறையில் நிதி சேர்ப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். ஆலை பாதியிலேயே மூடப்பட்டால் மட்டும் நிதியில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்துக்கு வங்கி உத்தரவாதம் இருக்க வேண்டும்; இரண்டும் சேர்ந்த இந்த ஏற்பாட்டுக்கே என் வாக்கு. உத்தரவாதத்தை மட்டும் நம்பினால், நிறுவனம் தள்ளாடும் நேரம் பார்த்து வங்கி புதுப்பிக்க மறுக்கும். மாற்று ஏற்பாடு வராவிட்டால், காலாவதிக்கு முன்பே முழுத் தொகையும் தானாகச் செலுத்தப்பட வேண்டும் என்ற நிபந்தனை இல்லாத பத்திரம் வெறும் காகிதம்.

தாய் நிறுவனத்தின் உத்தரவாதத்துக்குச் செலவு மிகக் குறைவு. அதன் இருப்புநிலைக் கணக்கு இன்று பலமாகத் தெரியும். நாளை அந்த நிறுவனம் எந்த வடிவில் இருக்கும்? அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்திலுள்ள சிமரான் எரிபொருள் ஆலை கெர்-மெகி நிறுவனத்துடையது. 2006-இல் ட்ரோனாக்ஸ் என்ற நிறுவனத்தைப் பிரித்துவிட்டபோது பழைய மாசுப் பொறுப்புகளெல்லாம் அதன் தலையில் விழுந்தன. 2009-இல் ட்ரோனாக்ஸ் திவாலானது. கெர்-மெகியை வாங்கிய அனடார்க்கோ 515 கோடி டாலர் தர 2014-இல்தான் இசைந்தது. அது பல இடங்களின் மாசுக்கும் சேர்த்து, அதுவும் நீதிமன்றப் போராட்டத்துக்குப் பிறகு.

கடைசி வழி அரசு. நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் வேலியில், பயன்படுத்திய எரிபொருளை மறுசெயலாக்கும் ஆலை 1966 முதல் 1972 வரைதான் ஓடியது. நடத்திய நிறுவனம் 1976-இல் விலகிக்கொள்ள, 1980-ஆம் ஆண்டுச் சட்டம் துப்புரவுத் திட்டச் செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசின் மேலும் மீதியை மாநிலத்தின் மேலும் சுமத்தியது. பிரிட்டனின் செல்லாஃபீல்டு அணு வளாகம் தொடக்கத்திலிருந்தே பொதுத்துறை. 2024 மதிப்பீட்டின்படி அதைத் துப்புரவாக்கும் செலவு 13,600 கோடி பவுண்டு.

காலம் கடந்து வசூலிப்பதும் உண்டு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ், படுகா, போர்ட்ஸ்மத் செறிவூட்டும் ஆலைகளுக்காக 1992-ஆம் ஆண்டுச் சட்டம், முன்பு அவற்றின் சேவையை வாங்கிய மின் நிறுவனங்களிடமே பங்கு கேட்டது. எதிர்பார்க்கத்தக்கபடி வழக்குகள் வந்தன.

எந்த வழியானாலும், பணம் போய்ச் சேரும் இடத்தைப் பத்திரத்தில் பாருங்கள். அமெரிக்காவில் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் பெயருக்கு வரும் தொகை அரசின் பொதுக் கருவூலத்துக்குப் போய்விடும். அதனால்தான் உத்தரவாதத்தோடு தனி அறக்கட்டளை ஒன்றையும் தயாராக வைக்கச் சொல்கிறார்கள்.